ஒரு திர்ஹத்திற்கு எத்தனை ரூபாய்?

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் கணிதம்)

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பாவின் தறிக்கூலியோடு, துபாயில் கட்டட வேலை பார்க்கும் சித்தப்பாவின் பணமும் சேர்ந்தே என்னைப் படிக்க வைக்கிறது. அவர் விடுமுறையில் கொண்டுவரும் திர்ஹம் நோட்டுகளை எங்கே மாற்றுவது என்ற கேள்வி, கணிதம் படிக்கிறவன் என்பதால் என்னிடமே வரும். சங்கரன்கோவிலில் பல வீடுகளுக்கும் பயன்படும் கணக்கு இது என்பதால் இங்கே விளக்க முற்படுகிறேன்.

ஒரு காலத்தில் துபாயில் நம் ரூபாயே செல்லுபடியானது. 1959-இல் வளைகுடாப் பகுதிக்கென்றே நமது ரிசர்வ் வங்கி தனி ரூபாய் நோட்டுகளை வெளியிட்டது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ரூபாய் ஆயிற்று. அதன்பின் துபாயும் கத்தாரும் ரூபாயைக் கைவிட்டன. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் திர்ஹம் 1973-இல் வந்தது. இந்தியாவில் 1993 மார்ச் முதல் ரூபாயின் மாற்று விலையைச் சந்தையே தீர்மானிக்கிறது. ஆகவே அது நாள்தோறும் மாறுகிறது.

அப்படியானால் இன்றைய நியாய விலையை அறிவது எப்படி? 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்பது நிலையாக இருக்கிறது. எனவே நாளிதழில் வரும் டாலர் விலையை 3.6725-ஆல் வகுத்தால் போதும். டாலர் 91.81 ரூபாய் என்று கொண்டால், திர்ஹம் ஏறக்குறைய 25 ரூபாய்.

ஆனால் கடையில் 25 ரூபாய் தரமாட்டார்கள். கடைக்காரருக்கு வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே அவரது வருமானம். கைநோட்டுகளைக் காப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் செலவு உண்டு. அதனால் வங்கி வழியே வரும் பணத்திற்குக் கிடைக்கும் விலையைவிட நோட்டுக்குக் கிடைப்பது சற்றுக் குறைவாகவே இருக்கும். 'கமிஷன் இல்லை' என்ற பலகையைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. கமிஷன் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். முதல் கடை திர்ஹத்திற்கு 24.50 ரூபாய் தருகிறது. வேறு கட்டணம் இல்லை. இரண்டாம் கடை 24.75 ரூபாய் தருகிறது. ஆனால் 200 ரூபாய் கட்டணம். எது நல்லது?

400 திர்ஹம் மாற்றினால் முதல் கடையில் 9,800 ரூபாய். இரண்டாம் கடையில் 9,700 ரூபாய். 1,000 திர்ஹம் மாற்றினால் முதல் கடையில் 24,500. இரண்டாம் கடையில் 24,550. கட்டணத்தை விலை வித்தியாசத்தால் வகுத்தால், அதாவது 200-ஐ 0.25-ஆல் வகுத்தால், 800 கிடைக்கிறது. 800 திர்ஹத்திற்குக் கீழே முதல் கடை, மேலே இரண்டாம் கடை. இரண்டாம் கடை திருநெல்வேலியில் இருந்து, போய்வரப் பேருந்துக்கு 100 ரூபாய் ஆகுமானால், எல்லை 1,200 திர்ஹமாக உயர்ந்துவிடும்! ஆகவே எந்தக் கடை நல்லது என்பதை விலை மட்டும் சொல்லாது. தொகையும் சேர்ந்தே சொல்லும்.

இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் ஒரே கேள்வி கேட்டால் போதும்: "இத்தனை திர்ஹம் தந்தால், வரியும் கட்டணமும் போக என் கையில் எத்தனை ரூபாய் வரும்?" இரண்டு மூன்று இடங்களில் ஒரே நாளில் கேட்டு விடைகளை ஒப்பிட வேண்டும். ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே மாற்றி, ரசீதும் பெற வேண்டும். அதிக விலை தருவதாகத் தெருவில் அழைப்பவரிடம் ரசீதும் இல்லை, பாதுகாப்பும் இல்லை; சட்டத்திற்கும் அது புறம்பு.

ஆயிரம் திர்ஹத்தில் திர்ஹத்திற்கு ஐம்பது காசு குறைந்தால் 500 ரூபாய் போகிறது. அது என் அப்பாவின் ஏறக்குறைய ஒரு நாள் தறிக்கூலி. நோட்டை நீட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் கணக்குப் போடுவது, அயலூரில் உழைப்பவருக்கு வீட்டிலிருப்பவர் செய்யும் மரியாதை என்றே நான் கருதுகிறேன்.