சூரிய வெப்பத்திலிருந்து மின்சாரம்: ஒட்டுசுட்டானை முன்வைத்து ஒரு நோக்கு

வன்னிப் பெருநிலத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, மின்சாரத்துக்கே பஞ்சமிருந்தது. 1990களில் மின்வழங்கல் அற்று, மண்ணெண்ணெயும் மின்கலமும் அரிதாகிப்போன வேளையில், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி மக்கள் வானொலி கேட்டனர். ஆகவே, தொலைவிலுள்ள மின்னிலையத்தை மட்டுமே நம்பியிராது மின் பெறும் வழிகளை ஆராய்வது இப்பிரதேசத்துக்கு வெறும் ஆய்வுகூட ஆர்வமன்று. அவ்வழிகளுள் ஒன்றான வெப்பமின் முறையை இங்கு நோக்குவோம்.

1821ஆம் ஆண்டில் சீபெக் கண்டறிந்த விளைவே இம்முறையின் அடிப்படையாகும். இருவேறு கடத்திகளை இணைத்து, ஒரு சந்தியைச் சூடாகவும் மற்றையதைக் குளிராகவும் வைத்திருப்பின் மின்னழுத்தம் தோன்றும். இன்று இதற்குப் பிசுமது தெலுரைட்டு போன்ற குறைகடத்திகள் பயன்படுகின்றன. சுழலும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. மரியா தெல்கெசு 1954இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலை வில்லையாற் குவிக்காத கருவியின் வினைத்திறன் 0.6 சதவீதமாகவே இருந்தது. வெற்றிடக் கண்ணாடியுறையைப் பயன்படுத்திய அமெரிக்க ஆய்வாளர் 2011இல் அதனை 4.6 சதவீதமாக உயர்த்தினர்.

இங்கு மனங்கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. மின்னைத் தருவது வெப்பமன்று, வெப்பநிலை வேறுபாடே. வேறுபாடு பாதியானால் கிடைக்கும் வலு காற்பங்காகக் குறையும். சூடான முகம் 150 பாகை செல்சியசிலும் குளிர்முகம் 40 பாகையிலும் நின்றால், நண்பகலில் ஒரு சதுர மீற்றர் பரப்பிலிருந்து ஏறத்தாழ 30 உவாற்றுப் பெறலாம். காற்றினால் மட்டும் குளிர்விக்கப்பட்டு, குளிர்முகம் 95 பாகைக்கு ஏறிவிடின் 8 உவாற்றுக்கூட மிஞ்சாது. எனவே வெயில் மிகுந்த நிலத்தில் உண்மையில் அரியது வெப்பமன்று, குளிர்ச்சியே.

அக்குளிர்ச்சியை எங்கிருந்து பெறுவது? மேற்கூறிய கருவியிலிருந்து ஏறத்தாழ 600 உவாற்று வெப்பத்தை அகற்ற, 10 பாகை சூடேறும் நீர் மணிக்கு 50 இலீற்றர் தேவை. ஒட்டுசுட்டானை அடுத்துள்ள முத்தையன்கட்டுக் குளத்தின் வாய்க்கால்நீர் தானாகவே பாய்வது, பம்பி வேண்டியதில்லை. ஆனால் பயிர்ச்செய்கைக்காக நீர் திறக்கப்படும் நாள்களிலேயே அது கிடைக்கும். தோட்டக் கிணறுகளின் நிலை வேறு. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் எப்படியும் இறைக்கப்படும் நீரை முதலிற் கருவியின் பின்புறமாகச் செலுத்திப் பின்னர் பாத்திக்கு விடலாம். நீரும் வீணாகாது, குளிர்விப்பதற்கெனத் தனிச் செலவுமில்லை.

எனினும் கணக்கை மறைத்தல் ஆகாது. அதே பரப்புள்ள ஒளிமின்கலத் தகடு இன்று ஏறத்தாழ 200 உவாற்றுத் தருகின்றது. வீட்டுக்கு விளக்கேற்றவும் நீரிறைக்கவும் தகடே ஏற்றது. வெந்நீரும் மின்னும் ஒருங்கே வேண்டப்படும் இடமே வெப்பமின் கருவிக்கு உரியது. குளிர்முகத்தை 60 பாகை வரை உயரவிடின் மின் 20 உவாற்றாகக் குறையும். ஆனால் வெளியேறும் சுடுநீர், புழுங்கலுக்கு நெல் ஊறவைக்கப் பயன்படும். அதனால் விறகு மீதமாகும். கூட்டுறவு நெல்லாலைகளிற் பரீட்சித்துப் பார்க்கத்தக்கது இதுவே.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் இயங்குகின்றது. இத்தகைய கருவியொன்றை ஓராண்டு முழுவதும் வன்னி வெயிலில் நிறுத்தி அளந்தறிவது அதற்கு எட்டாத பணியன்று. பிறநாட்டு விளம்பரங்களின் எண்களைக் கொண்டன்றி, இம்மண்ணின் வெயிலிலும் கிணற்றுநீரிலும் பெற்ற எண்களைக் கொண்டே எமது மக்கள் தம் தேர்வைச் செய்தல் வேண்டும்.