பிஎஸ் 5 வாங்கித் தரலாமா?

"ஃபுல் ஏ பிளஸ் வாங்கினா பிஎஸ் 5 வாங்கித் தர்றேன்னு சொன்னீங்களேப்பா!" எஸ்எஸ்எல்சி முடிவு வரும் வாரத்தில் கொச்சி மட்டாஞ்சேரித் தமிழ் வீடுகளிலும் இந்தப் பேச்சு எழும். வாக்குக் கொடுத்த அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும். வாங்கலாமா, வேண்டாமா? டீயை ஆற்றிக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பணம். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது பிஎஸ் 5 (பிளேஸ்டேஷன் 5) கேம் பெட்டியின் விலை 49,990 ரூபாய். டிஸ்க் போட வழியில்லாத டிஜிட்டல் மாடலுக்கு 39,990. பிறகு இரண்டுமே ஏறின. பெரிய கேம் ஒன்று புதிதாக வரும்போது அதன் விலை 5,000 ரூபாயை ஒட்டி இருக்கும். கணக்குப் போட்டதும் நாம் சட்டென்று ஒரு முடிவுக்கு வருகிறோம்: "போன்லதான் ஃப்ரீ கேம் இருக்கே, அதையே ஆடட்டும். காசு கொடுத்து ஒரு கெட்ட பழக்கத்தை வாங்கணுமா?"

நம் எல்லோருக்கும் இருக்கும் தப்பெண்ணம் இதுதான். காசு கொடுத்து வாங்கினால் ஆபத்து, இலவசம் என்றால் பாதகமில்லை என்று நினைக்கிறோம். சினிமாக் கொட்டகையையும் கார்னிவல் மைதானத்தையும் யோசித்துப் பாருங்கள். கொட்டகைக்காரர் காசை வாசலிலேயே வாங்கிவிடுகிறார். படம் முடிந்ததும் நாம் வீட்டுக்குப் போனால் அவருக்கு நஷ்டமில்லை. மைதானத்துக்குள் நுழையக் காசு கிடையாது; ஆனால் ராட்டினம், பஞ்சுமிட்டாய் என்று எவ்வளவு நேரம் சுற்றுகிறோமோ அவ்வளவும் கடைக்காரர்களுக்கு வருமானம்.

விலைக்கு வாங்கும் கேம்களில் பெரும்பாலானவை முதல் வகை. கதை இருக்கும், முடிவும் இருக்கும். பிஎஸ் 5-க்குள்ளேயே ஏற்றி வரும் 'ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்' நான்கைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். போனில் ஆடும் ஃப்ரீ கேமுக்கு முடிவே இல்லை. தினமும் எட்டிப் பார்த்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் அது போச்சு. இவற்றில் விற்கும் 'ஸ்கின்' என்பது ஆட்டக்காரப் பொம்மைக்கு மாட்டும் உடை. 'பேட்டில் பாஸ்' என்பதைப் பணம் கட்டி வாங்கினாலும், குறித்த நாளுக்குள் ஆடித் தீர்த்தால்தான் அதில் உள்ள உடைகள் கைக்கு வரும். பிள்ளை "இன்னும் பத்தே நிமிஷம்மா" என்று கெஞ்சுவதை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. அப்படிக் கெஞ்சும்படிதான் அந்த ஆட்டத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் என்ற ஃப்ரீ கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம், ஆட்டக்காரர்களுக்கு 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. உடையைச் சும்மா பார்க்கும்போது பக்கத்துப் பொத்தானில் விரல் பட்டாலே காசு போனது, தூங்கிக் கிடந்த கேமை எழுப்பும்போதும் போனது என்பது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வைத்த குற்றச்சாட்டு.

இதே ஃபோர்ட்நைட் பிஎஸ் 5-லும் ஓடும். ஆகவே பெட்டியை வைத்து முடிவு செய்ய முடியாது; கேமைத்தான் பார்க்க வேண்டும். எர்ணாகுளம் மேனகாவில் உள்ள பென்டா மேனகா கடைகளுக்குப் படகு ஏறும் முன்பே, என்னென்ன ஆட ஆசை என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்வதெல்லாம் ஃப்ரீ கேமாக இருந்தால் ஐம்பதாயிரம் செலவழிக்க அவசியமே இல்லை. கேமின் உறையில் 7, 12, 16, 18 என்ற எண் இருந்தால், அது எந்த வயதுக்கு ஏற்றது என்பதைத்தான் சொல்கிறது. ஆடக் கஷ்டமா சுலபமா என்பதை அல்ல.

வாங்குவதென்றால் டிஸ்க் மாடலே நல்லது. ஆடி முடித்த டிஸ்கை நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். துபாய் மாமா நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற வேறு கேம் பெட்டியைக் கொண்டுவந்தால் சந்தோஷம்தான்; ஆனால் நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, பழுதானால் அலைய வேண்டிவரும். எந்தப் பெட்டியானாலும் ஹால் டிவியில்தான் மாட்ட வேண்டும். போர்வைக்குள் போன் ஆடுவது யார் கண்ணிலும் படாது, ஹாலில் ஆடுவது எல்லோர் கண்ணிலும் படும். முதல் நாளே பெரியவர் பெயரில் அக்கவுன்ட் திறந்து, அதன் கீழ் பிள்ளைக்கு ஒன்று திறந்துவிடுங்கள். நாளுக்கு எவ்வளவு நேரம், மாதம் எவ்வளவு செலவு என்பதை அங்கேயே கட்டுப்படுத்தலாம். செலவைப் பூஜ்யத்தில் வையுங்கள்.

"அடிமையாகிவிடுவானோ?" என்ற பயத்துக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' உண்டு. அது மணிக்கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாம் பின்னால் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது ஆகியவற்றைப் பார்க்கிறது. போனிலேயே இந்த அறிகுறிகள் தெரியும் பிள்ளைக்கு இப்போது பிஎஸ் 5 வேண்டாம். கேரளக் காவல்துறை நடத்தும் 'டி-டாட்' ஆலோசனை மையம் கொச்சியிலும் உண்டு. முதலில் அங்கே அழைத்துப் போங்கள்.