‘ஆராரோ’ தாலாட்டில் மாமனும் அத்தையும் வருவது ஏன்? தங்கவயலில் ஆழம் பெறும் பொருள்

கோலார் தங்கவயல் (கர்நாடகா): அழும் குழந்தையிடம், உன்னை அடித்தவர் யார் என்று தாய் கேட்பதாக அமைந்த தாலாட்டை அறியாத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. மாமன், அத்தை, பாட்டி என உறவினர்களை ஒவ்வொருவராகக் குறிப்பிட்டு, அவர்கள் பூச்செண்டால் அடித்தார்களோ என அத்தாய் வினவுகிறார். யார் மீதும் குற்றம் சுமத்தாத இந்தக் கேள்வி, குழந்தைக்கு உறவுகளை அறிமுகப்படுத்துகிறது.

பெயர்க்காரணம்: ‘தால்’ என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் ‘தாலாட்டு’ எனப் பெயர் பெற்றது. கண்ணனைக் குழந்தையாகப் பாவித்துப் பெரியாழ்வார் தாலாட்டுப் பாடியுள்ளார். பிள்ளைத்தமிழின் 10 பருவங்களுள் 3-ஆவது தாலப்பருவம். எனினும், வீடுகளில் ஒலிக்கும் தாலாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பாடுபவரே தம் குடும்பத்திற்கு ஏற்பப் பெயர்களையும் ஊர்களையும் மாற்றிக்கொள்கிறார்.

மாமனுக்குச் சிறப்பிடம் ஏன்?: மாமன் என்பவர் தாயின் உடன்பிறந்தவர். காதணி விழா முதல் திருமணம் வரை சீர் செய்வது அவரது கடமை. புகுந்த வீட்டில் பிறந்த வீட்டின் பெருமையை வெளிப்படையாகப் பேச இயலாத பெண், குழந்தையிடம் சொல்வதுபோல் அதைப் பிறர் செவியிலும் விழச் செய்கிறார். தாலாட்டுகளில் மாமன் கொண்டுவரும் தங்கத் தொட்டில், அவரது ஏக்கத்தின் அடையாளம்.

சுரங்க மண்ணில்: 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின், வட ஆற்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழர்கள் குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. பாறை வெடிப்புகள் பல உயிர்களைப் பறித்தன. மாமனும் அத்தையும் சொந்த ஊரில் தங்கிவிட, தாலாட்டின் உறவுப் பட்டியல் இத்தகைய குடியிருப்புகளில் கூடுதல் பொருள் பெறுகிறது. தங்கம் வெட்டியோரின் வீடுகளில் தங்கத் தொட்டில் பாட்டில் மட்டுமே இருந்தது.

இன்றைய நிலை: 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பலர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூரு சென்று திரும்புகின்றனர். சிலர் அங்கேயே குடியேறிவிட்டனர். உறவுகள் மீண்டும் சிதறும் இவ்வேளையில், பாட்டி பாடும் தாலாட்டில் எந்த மாமன், எந்த ஊர் வருகிறது என்பதைக் கேட்டுக் குறித்து வைத்தால், அக்குடும்பம் குடிபெயர்ந்து வந்த வரலாறும் அதில் கிடைக்கக்கூடும்.