கழுத்துக்கு ஏறிய கார்டு

காலை எட்டேகாலுக்குப் பொறியியல் கல்லூரி ஒன்றின் வாசலில் நின்று பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும். கல்லூரிப் பேருந்துகள் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஐம்பது, அறுபது பேர் இறங்குகிறார்கள். வாசலில் இருப்பது இரண்டே செக்யூரிட்டிகள். ஒவ்வொருவரையும் நிறுத்தி, "தம்பி, ஐடி கார்டு இருக்கா?" என்று கேட்டு, அவரும் பையைத் துழாவி டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டுவதற்குள் முதல் பீரியட் முடிந்துவிடும். கார்டு கழுத்து நாடாவில், அதாவது டேக்கில், தொங்கினால் இந்தக் கேள்வியே வேண்டாம். நாலடி தூரத்தில் வரும்போதே டேக்கின் நிறம் தெரிந்துவிடுகிறது. நிற்க வைக்க வேண்டியது, "அண்ணா, வீட்ல மறந்துட்டேன்ணா" என்று தலையைச் சொறியும் நாலைந்து பேரைத்தான்.

கார்டு பையில் இருந்த காலத்தில் சந்தேகம் வந்தவர்தான் வாய்திறந்து கேட்க வேண்டியிருந்தது. இப்போது கேள்வி வருவதற்கு முன்பே மாணவர் பதில் சொல்லிக்கொண்டு நடக்கிறார். டேக் போடாதவர் யாராக இருந்தாலும் விசாரிக்கப்பட வேண்டியவர் ஆகிவிடுகிறார். நிர்வாகம் டேக்கை இவ்வளவு வற்புறுத்துவதற்கு அடிப்படை இதுதான். மற்ற பயன்களெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்தவர்களுக்கு அடையாள அட்டை என்றால் மடித்த அட்டை, அல்லது லேமினேட் செய்த சீட்டு. போட்டோவின் மேல் பாதி விழுந்த முத்திரை, முதல்வரின் கையெழுத்து. அதை வெளியே எடுப்பது நூலகத்தில், தேர்வு அறையில், ரயில் சீசன் டிக்கெட் கவுன்ட்டரில் மட்டும்தான். சட்டைப்பையிலோ பர்ஸிலோ கிடந்து ஓரம் பிய்ந்துபோகும்.

அதைக் கழுத்துக்கு ஏற்றியதில் பெரும்பங்கு ஐ.டி. நிறுவனங்களுடையது என்றே நினைக்கிறேன். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதற்குப் பிறகு பழைய மகாபலிபுரம் சாலை நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. அங்கே கார்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து கதவுகளைத் தாண்டுகிறவர் கார்டை ஒவ்வொரு முறையும் பையிலிருந்து எடுக்க முடியாது. அந்த டேக்கோடு அவர் பேருந்தில் ஏறினார், ஷேர் ஆட்டோவில் போனார், கல்யாணத் தரகர்களின் பேச்சிலும் இடம்பிடித்தார். வளாக நேர்முகத் தேர்வைக் காட்டியே மாணவர்களைச் சேர்க்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அந்தத் தோற்றம் பிடிக்காமல் போகுமா? டையும் ஷூவும் வந்த வழியில்தான் டேக்கும் வந்தது. பாதுகாப்பு என்ற காரணம் உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொன்னால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பொருளைக் கயிற்றில் கட்டி உடம்போடு வைத்துக்கொள்வது அதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கம். மாலுமிகள் கத்தியைக் கட்டிக்கொண்டார்கள். காவலர்களின் விசில் கயிறு இன்றும் சீருடையில் இருக்கிறது. கை வேறு வேலையில் இருக்கும்போதும் பொருள் தவறி விழக்கூடாது என்ற எண்ணம்தான்.

கார்டும் இப்போது வெறும் அட்டை அல்ல. ஏ.டி.எம். கார்டின் அளவிலேயே அச்சாகிறது. 85.6 மில்லிமீட்டர் நீளம், சுமார் 54 அகலம், முக்கால் மில்லிமீட்டர் கனம் என்பது உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவு. பல கல்லூரிகளில் அதற்குள் கடுகளவு சில்லு ஒன்றும், விளிம்பைச் சுற்றி மெல்லிய உலோகக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. வாசலில் உள்ள கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே அது மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்கிறது. பரவலாகப் புழங்கும் வகை 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் கொண்டுபோனால்தான் கருவி படிக்கும். விடுதி, நூலகம், வருகைப் பதிவு என்று ஒவ்வொரு இடத்திலும் இப்படி நீட்ட வேண்டியிருப்பதால், கழுத்திலிருந்து எட்டுகிற நீளத்தில் டேக் வசதியாக அமைந்துவிட்டது. டேக் மாட்டுவதற்காக இந்தக் கார்டில் நாமே ஓட்டை போட்டால் அந்தக் கம்பிச் சுருள் அறுந்து கார்டு செத்துப்போகக்கூடும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாணவிகளைக் கேட்டால் டேக்கின் தேவைக்கு வேறொரு விளக்கம் கிடைக்கும்: சுடிதாரில் பாக்கெட் இல்லை. பையன்களுக்குச் சட்டையில் ஒன்று, பேன்ட்டில் மூன்று. இவர்கள் கார்டை எங்கே வைப்பது? பையை வகுப்பில் வைத்துவிட்டு லேபுக்கோ கேன்டீனுக்கோ போகும்போது, கழுத்தில் தொங்கும் அந்த உறைதான் பாக்கெட். கார்டுக்குப் பின்னால் மடித்துச் செருகிய பத்து ரூபாய், பஸ் பாஸ், கொக்கியில் மாட்டிய விடுதி அறைச் சாவி என்று ஒரு சின்னக் குடித்தனமே அதில் நடக்கிறது. கூடவே ஒரு தொல்லை. இரு தோளிலும் பின் குத்திய ஷாலுக்கு உள்ளே டேக் இருந்தால், "கார்டு எங்கேம்மா? வெளியே எடுத்துப் போடு" என்பார் ஒரு மேடம். வெளியே போட்டால் கொக்கி ஷாலின் நூலை இழுத்துவிடும். சுடிதாருக்கு ஒரு பாக்கெட் வைத்துத் தைத்தால் தீரக்கூடிய பிரச்சினையில் பாதியை இந்த நாடா சுமக்கிறது.

துறைக்கு ஒரு நிறம், ஆண்டுக்கு ஒரு நிறம், விடுதியில் தங்குபவருக்கும் வீட்டிலிருந்து வருபவருக்கும் வேறு வேறு நிறம் என்று பிரிப்பதும் உண்டு. ராகிங்கைத் தடுக்க இது உதவும் என்பார்கள். 1996-இல் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொலையான பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விதிமுறைகள் கொண்டுவந்தது. முதலாண்டு விடுதிப் பக்கம் மூன்றாமாண்டு நிறம் தெரிந்தால் ரோந்து வரும் ஆசிரியர் உடனே கேட்டுவிடலாம். ஆனால் அதே நிறம், யார் புதுசு என்பதைச் சீனியர்களுக்கும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கூட்டம் நிறைந்த கேன்டீனில் ஜூனியரைத் தேட அதைவிடச் சுலபமான வழி இல்லை. நிறம் பிரிப்பதை வலியுறுத்துகிறவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

நிறத்தால் ஆளைப் பிரிப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் கையில் கட்டும் வண்ணக் கயிறு சாதியைச் சொல்லும் அடையாளமானது. அதைத் தடைசெய்யச் சொல்லி 2024-இல் நீதிபதி கே. சந்துரு குழு அரசுக்குப் பரிந்துரைத்தது. அந்தப் பின்னணியில் பார்த்தால், கல்லூரி முழுவதற்கும் ஒரே நிறத்தில் ஒரே டேக் என்பது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. துறையின் பெயர் கார்டில் அச்சாகியிருந்தால் போதாதா?

2024 டிசம்பரில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவர் புகுந்து மாணவி ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்தபோது, வளாகத்துக்குள் யார் வருகிறார்கள் என்ற கேள்வி மாநிலம் முழுக்க எழுந்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குறைந்தது 30 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். இப்படி ஒன்று நடந்ததும் கல்லூரிகள் முதலில் எடுக்கும் நடவடிக்கை டேக் கெடுபிடிதான். அது வாசல் வழியாக வருபவரை அடையாளம் காட்டும். இருட்டிய மரத்தடியில் டேக் இல்லாமல் ஒருவர் நிற்பதைப் பார்க்க அங்கே ஆளும் விளக்கும் வேண்டும். அவை செலவு பிடிக்கும் காரியங்கள், டேக் மலிவு.

டேக்கைக் கழற்ற வேண்டிய இடங்களும் இருக்கின்றன. ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் முன்னால் குனியும்போது தொங்கும் நாடா சுழலும் பாகத்தில் சிக்கினால் கழுத்தோடு இழுத்துவிடும். அதனால்தான் உள்ளே நுழையும்போதே கழற்றிப் பையில் போடச் சொல்கிறார்கள். மருத்துவமனை வார்டுகளில் வேறு சிக்கல். 2008-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வு, ஊழியர்களின் கார்டைவிட அது தொங்கும் நாடாவில் கிருமிகள் அதிகம் இருந்ததாகச் சொன்னது. கார்டை யாராவது எப்போதாவது துடைப்பார்கள். நாடாவை யார் துவைக்கிறார்கள்? வகுப்பில் அதன் நுனியைக் கடித்துக்கொண்டே பாடம் கேட்பவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

நாடா வாங்கும்போது பின்கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. எங்காவது மாட்டி இழுபட்டால் அது தானாக விட்டுவிடும். ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும்போது சில பைசா மிச்சம் என்று முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அந்தப் பூட்டுதான்.

மாலையில் வாசலைத் தாண்டியதும் டேக் பாக்கெட்டுக்குள்ளோ பைக்குள்ளோ போய்விடுகிறது. சினிமாவுக்குப் போகிறார்கள் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சென்னையில் பேருந்தில், மின்சார ரயிலில் எந்தக் கல்லூரி என்று தெரிவதே சில நாள் வம்புக்குக் காரணம். மாணவிகளின் கவலை வேறு. பெயர், போட்டோ, வீட்டு முகவரி, செல்போன் எண் எல்லாம் அச்சான அட்டை, நெரிசலில் பக்கத்தில் நிற்பவர் படிக்கும் தூரத்தில் தொங்குகிறது. இன்ஸ்டாகிராமில் போடும் செல்ஃபியிலும் அது தெளிவாக விழுகிறது. பார்கோடு அச்சான கார்டாக இருந்தால் அதைப் பெரிதாக்கி நகலெடுப்பதும் கஷ்டமில்லை. செக்யூரிட்டிக்கு வேண்டியது முகமும் கல்லூரியின் பெயரும்தான். ரத்த வகை அவசரத்துக்கு உதவும். முகவரியும் செல்போன் எண்ணும் அலுவலகக் கோப்பில் ஏற்கெனவே இருக்கின்றன. தொலைந்த கார்டைக் கண்டெடுப்பவர் அழைப்பதற்குக் கல்லூரி அலுவலகத்தின் எண்ணைப் பின்பக்கம் அச்சடித்தால் போதும்.