மூலப் பத்திரம் இல்லாத மோட்டார்கள்

மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் இரும்பு நெடுநாள் நிலைப்பதில்லை. பாத்திகளின் மீது வரும் காற்று கதவுக் கீலையும் சைக்கிள் கம்பியையும் ஒன்றுபோலவே அரித்துவிடும். சில மாதங்களுக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் போகையில், அவ்வூரை அடுத்து, மூடி திறந்து நின்ற பழைய பிளிமத் மோட்டார் ஒன்றைக் கண்டு இறங்கினோம். "அப்பா ஓட்டிய டாக்ஸி, ஐயா, அசல் அமெரிக்க வண்டி" என்றார் உடையவர். உள்ளே இருந்ததோ டீஸல் யந்திரம். பழைய யந்திரம் எங்கே என்று கேட்டோம். "அது அப்போதே காயலான் கடைக்குப் போய்விட்டது" என்றார்.

நம் நாட்டு அமெரிக்க மோட்டார்களின் சரித்திரம் முழுவதும் இந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. போர்டு கம்பெனி 1926-ல் இந்தியாவில் கிளை ஸ்தாபித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கிற்று. 1947 முதல் பிரீமியர் ஸ்தாபனத்தார் டாட்ஜ், பிளிமத் வண்டிகளைப் பூட்டினர். இந்தியாவிலேயே முழு உற்பத்தி செய்யத் திட்டமில்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953-ல் சர்க்கார் முடிவு செய்யவே, அந்நியக் கம்பெனிகள் விலகின. உதிரி பாகங்கள் அரிதாயின. பெட்ரோல் விலையும் ஏறிற்று. ஆறு சிலிண்டர் பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டு, சென்னைச் செம்பியத்தில் சிம்ப்ஸன் ஸ்தாபனத்தார் செய்த பெர்கின்ஸ் டீஸலைப் பொருத்தி வண்டிகளை ஓட்டினர். அது மோசடியன்று, பிழைப்பு.

இன்று எஞ்சியவற்றுள் எது அசல், எது ஒட்டுப்போட்டது என்று எங்ஙனம் அறிவது? நிலத்துக்கு மூலப் பத்திரம் தேடுவது போன்றதே இவ்வேலை. போர்டு 'மாடல் டி' 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி அளவில் உற்பத்தியாயிற்று. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு யந்திரத்தில் பொறித்த எண்ணே வண்டியின் எண். 'ஸி' என்ற எழுத்து முன்னே நின்றால் அது கனடாவில் செய்த யந்திரம். பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளுக்கு வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள் பெரிதும் அங்கிருந்தே வந்தன. அந்த யந்திரம் போயிற்றென்றால் வண்டியின் பெயரும் உடன் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 'பிஷர்' கம்பெனியின் தகடு கூண்டுக்குச் சாட்சி. ஆனால் சாட்சியத்தை எடை போட வேண்டும். கூண்டின் உள்சட்டம் தேக்காயிருந்தால் உடனே போலி என்று தள்ளலாகாது. வெறும் அடிச்சட்டமாக வந்த வண்டிகளுக்கு நம் ஊர்த் தச்சர்களே கூண்டு கட்டியதும் உண்டு.

2021-ல் மத்திய சர்க்கார் பழம் மோட்டார்களுக்கெனத் தனி விதி செய்தது வரவேற்கத் தக்கதே. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துடன் தனி எண். கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அடிச்சட்டம், கூண்டு, யந்திரம் இவற்றில் கணிசமான மாறுதல் செய்யப்பட்டிருக்கக்கூடாது என்பது நிபந்தனை. எழுத்துக்கு எழுத்து பார்த்தால் மரக்காணத்துப் பிளிமத் வெளியே நிற்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னவனுக்கு வழியில்லை. மாற்றியதை மறைப்பவனுக்கு வழியுண்டு. இது நியாயமன்று.

மாற்றங்களை ஒப்புக்கொண்டால் போலிகள் பெருகுமே என்று சேகரிப்போர் ஆக்ஷேபிக்கலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் போலி வளர்வது இருட்டில்தான். வில்லங்கம் உள்ள நிலத்தை நாம் கடலில் எறிந்துவிடுவதில்லை. வில்லங்கத்தைப் பத்திரத்தில் எழுதி வைக்கிறோம். அவ்வாறே எந்த ஆண்டு, எந்த யந்திரம், யார் மாற்றியது என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி, மாற்றப்பட்டவை என்றே தனி வகுப்பில் சேர்க்கலாம். அந்தப் பதிவு எவரும் பார்க்கக் கூடியதாயிருக்க வேண்டும்.

கோயமுத்தூரில் ஜீடீ மோட்டார் காட்சிசாலை 2015-ல் திறக்கப்பட்டது, சென்னையில் ஏவி.எம். காட்சிசாலை 2023-ல் திறக்கப்பட்டது. ஆமதாபாத்தை அடுத்த கத்வாடாவில் பெருந்தொகுதி ஒன்று உண்டு. செல்வர் வீட்டு வண்டிகளுக்கு இவ்விதம் புகலிடம் கிடைத்துவிடுகிறது. கூலிக்கு ஓடிய வண்டிக்கு யார் இருக்கிறார்கள்? ஆகவே, கொட்டகையில் பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: யந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும் இன்றே எழுதி வையுங்கள், தகடுகளைப் படம் பிடியுங்கள், கிழிந்த பதிவுப் புத்தகத்தைக் குப்பையில் போடாதீர்கள், முதிய மெக்கானிக் சொல்வதைக் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள்.

மரக்காணம் பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுக்கள் அவ்வூர் உப்பளங்களைப் பற்றி இன்றும் பேசுகின்றன. உப்பளத்துக்குக் கல்லில் ஆவணம் வைத்த ஊர் அது. அங்கே நின்ற மோட்டாருக்குக் காகிதத்தில் கூட ஒரு வரி இல்லையென்றால் குற்றம் உப்புக் காற்றினுடையது அன்று.