தார் ரோட்டுக்கு எந்தத் ‘தார்’?

தி.நகர், அடையாறு பக்கம் ஓடும் மஹிந்திரா தார் எல்லாமே ‘ஃபோர் வீல் டிரைவ்’ இல்லை. 2023 ஜனவரியில் குறைந்த விலையில் வந்த மாடலில் இன்ஜின் சக்தி பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். பார்க்க அதே கெத்து! மாருதி ஜிம்னியில் எல்லா வேரியன்ட்டிலும் நான்கு சக்கரமும் இழுக்கும்.

ஆனால், அது தேவையா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச்சாலைதான். சாதாரண காரே ஏறிடும். அடிக்கடி சேறு, மணல், பாறைச் சரிவு என்று இறங்குறவங்களுக்குத்தான் ‘4எல்’ கியர். வேகம் குறையும், இழுவை கூடும். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு வளைத்தால், முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் கியர் பாகங்கள் இறுகித் திணறும்.

மிக்ஜாம் மாதிரி வெள்ளத்துக்காக வாங்குறீங்களா? ஏர் இன்டேக்கில் தண்ணி ஏறினால் எத்தனை சக்கரம் சுற்றினாலும் இன்ஜின் காலி. ஃபோர் வீல் தாருக்கு கம்பெனி சொல்லும் ஆழமே 650 மி.மீ.தான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேல்.