மதிய இடைவேளையில் ஜெர்மன்

போர்க்காலத்தில் எதிரியின் மொழியைச் சந்தேகிப்பது சகஜம்தானே என்று பலர் சொல்வதுண்டு. டீ ஆறுவதற்குள் ஒரு தேதியைப் பார்த்துவிடுவோம். முதல் உலகப்போர் ஓய்ந்தது 1918 நவம்பரில். எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு எந்த அந்நிய மொழியையும் கற்பிப்பது குற்றம் என்று அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் சட்டம் போட்டதோ 1919 ஏப்ரலில். தனியார் பள்ளி, சபைப் பள்ளி எதற்கும் விலக்கில்லை.

இத்தனைக்கும் ஐம்பது பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் நகரப் பள்ளிகளில் ஜெர்மன் போன்ற மொழியைக் கற்பித்தே ஆக வேண்டும் என்று 1913இல் சட்டம் போட்டதும் இதே மாநிலம்தான். ஜெர்மானியக் குடியேறிகள் அங்கே அவ்வளவு பேர். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியது. மறு ஆண்டே அந்தச் சட்டம் ரத்து.

பக்கத்து அயோவாவில் ஆளுநர் வில்லியம் ஹார்டிங் இன்னும் ஒரு படி மேலே போனார். 1918 மே மாதம் அவர் விட்ட பிரகடனப்படி பள்ளி, ரயில், தேவாலயம், தொலைபேசி என எங்கும் ஆங்கிலம் மட்டுமே. போனில் பேசுவது யாருக்குத் தெரியப்போகிறது என்கிறீர்களா? அன்றைய கிராமங்களில் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே கம்பிதான். ரிசீவரை எடுத்தால் அடுத்த பண்ணைக்காரி பேசுவது அப்படியே காதில் விழும். ஒட்டுக்கேட்பது அதுவரை வெறும் வம்பு, இப்போது தேசபக்தி. போனில் ஜெர்மன் பேசியதற்காக ஸ்காட் கவுண்டியில் நான்கு பெண்கள் 225 டாலர் தண்டம் அழுதார்கள். ஜெர்மானியருக்கு விரித்த வலையில் டேனியரும் நார்வேக்காரரும் செக் மக்களும் சேர்ந்தே சிக்கினார்கள் என்பது தனிக்கதை.

நெப்ராஸ்காவின் ஹாம்ப்டன் அருகே ஒரு லூத்தரன் சபைப் பள்ளி. சட்டம் பள்ளி நேரத்துக்குத்தானே என்று மதிய இடைவேளையை அரை மணி நீட்டி, அதில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார்கள். 1920 மே 25 அன்று பத்து வயதுப் பையன் ஒருவன் பைபிள் கதையை ஜெர்மனில் வாசித்துக்கொண்டிருக்கிறான். கவுண்டியின் அரசு வழக்கறிஞர் வந்து நிற்கிறார். ஆசிரியர் ராபர்ட் மேயர் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவியிருந்தால் தப்பியிருப்பார். தாவவில்லை. அபராதம் 25 டாலர்.

மாநில உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. லத்தீன், கிரேக்கம், எபிரேயத்துக்கு மட்டும் தடையில்லையாம். செத்த மொழிகளைக் கண்டு யாருக்கும் பயமில்லை போலும். வழக்கு வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1923 ஜூன் 4இல் மேயர் ஏழுக்கு இரண்டு என்று ஜெயித்தார். பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்பதில் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பு எழுதியவர் மெக்ரெனால்ட்ஸ். யூதர் என்பதற்காகச் சக நீதிபதி பிராண்டைஸிடம் முகங்கொடுத்துப் பேசாத மனிதர் அவர். மாறுபட்ட இருவரில் ஒருவர், பேச்சுரிமைக்குப் பேர்போன ஹோம்ஸ்! ஆளைப் பார்த்துத் தீர்ப்பை ஊகிக்க முடியாது.

தீர்ப்பு வருமுன்பே ஜெர்மன் வகுப்பறைகள் காலியாகியிருந்தன. 1915இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஜெர்மன் படித்தார். 1922இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.